மூன்றாவது சாலினாய்டு

இளவேனில் மேட்டுப்பாளையத்துக்கு வந்தது ஒரே ஒரு கையெழுத்துப் போடத்தான். அரைநாள் வேலை, மாலை ரயிலுக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தாள்.

வாகன விபத்து விசாரணைத் துறையில் அவள் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் சேர்வதற்குச் சில வருடங்கள் முன்பு அந்தச் சட்டம் வந்தது. விபத்தில் சிக்கிய வண்டி தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் அறிக்கைதான் இனி முதன்மைச் சாட்சி. அதற்கு முன்பெல்லாம் பார்த்தவன் ஒன்று சொல்வான், பார்க்காதவன் ஒன்பது சொல்வான். வண்டிக்கு அந்தக் குணம் கிடையாது. எந்த நொடியில் எந்தச் சக்கரம் எவ்வளவு சுற்றியது, எந்தப் பாகம் எப்படி இருந்தது என்று அதன் மூளை வரிசையாக எழுதிவிடும். அதற்குத் தன்னறிக்கை என்று பெயர். நானூறுக்கும் மேற்பட்ட தன்னறிக்கைகளை இளவேனில் படித்திருந்தாள். ஒன்றுகூடப் பொய் சொன்னதில்லை.

இந்த அறிக்கையும் தெளிவாகவே இருந்தது. கோத்தகிரியைச் சேர்ந்த சிறுநீரக நோயாளிகளை மேட்டுப்பாளையத்து மருத்துவமனைக்கு இறக்கி, ரத்தச் சுத்திகரிப்பு முடிந்ததும் திரும்ப மேலே கொண்டுபோய் விடுகிற வேன் அது. ஓட்டியவர் போஜராஜ், ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருடமாக மலைப்பாதையில் ஓட்டுபவர். மூன்று வாரத்துக்கு முன், பிற்பகலில், பதினான்கு பேரோடு ஏறிக்கொண்டிருந்த வேன் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று, பின்னோக்கி ஒன்பது மீட்டர் உருண்டு, தடுப்புச் சுவரில் மோதியது. கடைசி இருக்கையில் இருந்த ஆக்னஸ் என்ற அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி இறந்துபோனார்.

வண்டி எழுதியிருந்தது இதுதான். இன்ஜினில் பழுது இல்லை. கியர்பெட்டியில் பழுது இல்லை. கியர்களை மாற்றும் நான்கு சாலினாய்டுகளும் சீராக உள்ளன. வண்டி பின்னால் நகரத் தொடங்கிய பிறகு ஓட்டுநர் ஒன்றரை விநாடி தாமதமாக பிரேக்கை மிதித்தார்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள். வாகனப் பழுது, ஓட்டுநர் தவறு. முதல் கட்டம் காலியானால் இரண்டாவது தானாகவே நிரம்பிவிடும். போஜராஜின் உரிமம் நிரந்தரமாகப் போகும், ஐந்து வருடம்வரை சிறையும் கிடைக்கலாம்.

இடையில் ஒரு மனு வந்து நின்றது. உரிமம் பெற்ற மெக்கானிக் எவரும் முப்பது நாளுக்குள் விண்ணப்பித்தால், விசாரணை அதிகாரி முன்னிலையில் வண்டியைத் திறந்து பார்க்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. இளவேனில் அறிந்தவரை அதை யாரும் பயன்படுத்தியதில்லை. விண்ணப்பித்திருந்தவர் பெயர் கமருன்னிசா, ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிப் பட்டறை, மேட்டுப்பாளையம்.

பட்டறை ஊட்டி சாலையில், பாக்கு மண்டி ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. மலை ஏறும் வண்டிகளுக்கு மின்மோட்டார் மட்டும் போதவில்லை, சரிவில் சூடேறிப் படுத்துவிடுகிறது என்று ஆனபிறகு, நீலகிரிப் பக்கம் ஓடும் வேன்களுக்கெல்லாம் கியர்பெட்டி வைத்த கலப்பு இன்ஜினே நிலைத்துவிட்டது. அதனால் கமருன்னிசாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. வயது நாற்பத்தாறு. இருபது வருடமாக கியர்பெட்டி மட்டும்தான் பார்க்கிறார். இன்ஜின் வேலை வந்தால் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுவாராம். முக்காட்டுத் துணியை இறுக்கி முடிந்து, நீலநிற மேலங்கி போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், இளவேனிலுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

போஜராஜும் வந்திருந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவருக்கும் கமருன்னிசாவுக்கும் பெரிய பழக்கம் ஏதுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வருவார், அவ்வளவே. விபத்துக்குப் பிறகு அவர்தான் போன் செய்திருக்கிறார். காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்றரை விநாடி தாமதம் தன் குற்றம்தானா என்று தனக்குத் தெரிய வேண்டும், தெரிந்துவிட்டால் எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

இளவேனில் அவரிடம் நேராகவே கேட்டாள். அவரும் மறைக்கவில்லை.

"லேட்டாத்தான் மிதிச்சேன் மேடம். இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல. இதோ இழுக்கும், இதோ இழுக்கும்னு ஆக்சிலேட்டர அமுத்திட்டே இருந்தேன். ஆறு வருஷமா ஒரு நாள்கூட என்ன கைவிடாத வண்டி. நம்பிட்டேன்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். நம்பினேன் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

வேனின் பின்பக்கம்தான் நொறுங்கியிருந்தது, முன்பாகம் அப்படியே இருந்தது. கமருன்னிசா முதலில் கியர்பெட்டி எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் சொட்டவிட்டார். விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக இருக்கிறது, லேசாகத் தீய்ந்த வாசமும் வருகிறது என்றார். ஆனால் இது மட்டும் எதையும் நிரூபிக்காது, மலை வண்டிக்கு இது சகஜம் என்று அவரே சேர்த்துக்கொண்டார். அந்த நேர்மை இளவேனிலுக்குப் பிடித்திருந்தது.

பிறகு வேனைத் தூக்கியில் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் சுழல, இன்ஜினை ஓடவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் மாறின. மாறுவதே தெரியவில்லை, அவ்வளவு வழவழப்பு. கமருன்னிசா கியர்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கண்ணை மூடி நின்றிருந்தார். நாலைந்து முறை திரும்பத் திரும்ப மாற்றச் செய்தார்.

நன்றாகத்தானே மாறுகிறது என்றாள் இளவேனில்.

"அதுதானுங்க எனக்கு இடிக்குது. மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுன மலை வண்டி. எங்கயாவது ஒரு எடத்துல லேசா உதறணும். மனுசனுக்கே அம்பது வயசுல முட்டி சத்தம் போடும். இது என்னமோ நேத்து வாங்குன வண்டியாட்டம் மாறுது. யாரோ மூடி மறைக்கிறாங்க."

இன்ஜின் அணைந்ததும் அடித்தட்டைக் கழற்றி, எண்ணெயை வடித்து, சாலினாய்டுகள் நான்கையும் வெளியே எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். இதற்குப் போய் ஓர் உயிரா என்று தோன்றியது இளவேனிலுக்கு. அது என்ன செய்கிறது என்று கேட்டாள்.

"கியர்பெட்டிக்குள்ள எல்லா வேலையும் எண்ணெய்தானுங்க செய்யுது. எந்த வழியில எண்ணெய் போகுதோ அந்த கியர் பிடிக்கும். அந்த வழிக்குக் கதவு இதுதான். கரண்ட் குடுத்தா உள்ள ஒரு ஊசி நகரும், கதவு தொறக்கும். நிறுத்துனா மூடும். இந்த மூணாவதுதான் ஏத்தத்துல ரெண்டாவது கியரப் புடிச்சு நிக்கிறது."

மீட்டரை வைத்து ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்தார். நான்கும் ஒன்றுபோல, அளவுக்குள். பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். தக். தக். தக். தக். நான்கும் உடனுக்குடன் பேசின. தன்னறிக்கையில் இருந்ததை அட்சரம் பிசகாமல் அவரே உறுதிசெய்துவிட்டார். போஜராஜ் தலையைக் குனிந்துகொண்டார். இளவேனில் தன் பேனாவை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றார் கமருன்னிசா. "இதுங்க இப்ப ஆறிக் கெடக்குது. அன்னிக்கு அந்த வளைவுல ஆறியா இருந்துச்சு?"

உள்ளே போய் ஓர் இண்டக்ஷன் அடுப்பும் எவர்சில்வர் குண்டானும் கொண்டுவந்தார். அதே கியர்பெட்டி எண்ணெயை ஊற்றி, நான்கு சாலினாய்டுகளையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியைச் சொருகினார். அன்று பதினான்கு பேரோடு ஏறியபோது எண்ணெய் எத்தனை டிகிரியில் இருந்தது என்று தன்னறிக்கையைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நூற்றுப் பதினெட்டு. அதுவரை சூடேற்ற இருபது நிமிடம் ஆனது.

நூற்றுப் பதினெட்டில் கம்பியைத் தொட்டார்.

தக். தக்.

மூன்றாவதற்கு வந்தபோது சத்தமில்லை. மறுபடி தொட்டார். இல்லை. நான்காவது தக் என்றது. மூன்றாவதற்குத் திரும்பி, மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினார். சோம்பேறி ஒருவன் எழுந்து வருவதுபோல, இரண்டு விநாடி கழித்து, மெதுவாக ஒரு சத்தம் வந்தது.

மின்தடையை அளந்து காட்டினார். சூட்டுக்கு ஏற்றபடி நான்கும் ஒரே மாதிரி கூடியிருந்தன. சுருளுக்குள் ஒரு குறையுமில்லை. மின்சாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஊசி ஓடும் குழாயில் தீய்ந்த எண்ணெயும் இரும்புத் தூளும் பிசினாகப் படிந்து, சூட்டில் ஊசியைக் கவ்விக்கொள்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது. குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்து அந்தப் பழுப்புப் படலத்தைக் காட்டியபோது, இளவேனில் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். நானூறு அறிக்கை படித்தவளுக்கு, ஒரு கேள்வியை எந்தச் சூட்டில் கேட்க வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது.

போஜராஜ் எழுந்து போய் வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆனால் கமருன்னிசா இன்னும் முடித்தபாடில்லை. இது ஒரே நாளில் படிந்த அழுக்கு இல்லை, ஒன்றிரண்டு வருடமாக இந்த ஊசி திணறிக்கொண்டிருக்க வேண்டும், அத்தனை நாளும் ஓட்டுநருக்கு ஓர் உதறல்கூடத் தெரியாமல் எப்படிப் போனது என்பதுதான் அவர் கேள்வி. பட்டறைக் கருவியை வண்டியின் மூளையோடு இணைத்து, தன்னறிக்கையில் அச்சாகாத ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார். நான்கு சாலினாய்டுக்கும் எதிரே நான்கு எண்கள். மூளை எந்தக் கதவுக்கு எவ்வளவு கூடுதல் எண்ணெய் அழுத்தம் கொடுத்து ஈடுகட்டுகிறது என்ற கணக்கு. புதுவண்டியில் எல்லாம் பூஜ்ஜியம். அதிகபட்சம் நாற்பது. இந்த வண்டியில் மூன்று, இரண்டு, நாற்பது, நான்கு.

"தெரிஞ்சிருக்கு," என்றார் கமருன்னிசா மெதுவாக. "ஊசி லேட்டா வருதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. ஓட்டறவங்களுக்கும் உக்காந்திருக்கறவங்களுக்கும் தெரியாம, பக்கத்துல இருந்து அழுத்தத்த ஏத்தி ஏத்திச் சமாளிச்சிருக்கு. அன்னிக்கு முழு லோடு, முழு சூடு. ஏத்தறதுக்கு மேல ஒண்ணுமில்ல."

அப்படியானால் தன்னறிக்கையில் ஏன் எழுதவில்லை என்று இளவேனில் கேட்டாள். கேட்டவளுக்கே பதிலும் தெரிந்திருந்தது. படிவம் கேட்பது பழுது உண்டா என்று. கியர் மாறிக்கொண்டிருக்கும்வரை அது பழுதல்ல. விபத்து முடிந்து எண்ணெய் ஆறியபின் சோதித்தால் அப்போதும் அது பழுதல்ல. வண்டி பொய் சொல்லவில்லை.

அன்று மாலை ரயிலில் அவள் போகவில்லை.

மறுநாள் தன் அதிகாரத்தைக் கொண்டு, நீலகிரியில் ஓடும் அதே வகை வேன்கள் அறுநூற்று நாற்பதின் ஈடுகட்டல் பக்கத்தையும் வரவழைத்தாள். எல்லா மூளைகளும் ஒன்றோடொன்று வலையில் பேசிக்கொள்பவை. ஒன்று கற்றதை மற்றவை அன்றே கற்றுக்கொள்ளும். அதனால் எல்லாமே இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. தொண்ணூற்றிரண்டு வண்டிகளில் எண் முப்பதைத் தாண்டியிருந்தது. பதினொன்றில் முப்பத்தெட்டு.

மேலதிகாரி சிவஞானத்துக்குப் போன் செய்தாள். அவர் கெட்டவர் அல்ல, கவலைப்படுகிறவர். இதை எழுதினால் சட்டப்படி அறுநூற்று நாற்பது வண்டியும் அன்றே நிற்க வேண்டும் என்றார். அதில் பாதி மருத்துவமனை வண்டிகள். வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்காவிட்டால் மேலே இருக்கிற நோயாளிகள் என்ன ஆவார்கள்? ஓர் ஓட்டுநருக்காக நூறு பேரைப் படுக்கையில் போடுவதா, யோசித்து எழுது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குத்தான் போனாள். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கமருன்னிசா ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பட்டியலை வாங்கி முழுவதும் படித்தார்.

"எதுக்குங்க எல்லாத்தையும் நிறுத்தணும்? முப்பத்தெட்டு இருக்கற பதினொண்ணு மட்டும் இன்னிக்கே எறங்கட்டும். சாலினாய்டக் கழட்டி, சூடு வெச்சுப் பாத்து, மாத்தறதுக்கு ரெண்டு மணி நேரம். முப்பதுக்கு மேல இருக்கறது ஏத்தத்துல பாதி ஆளோட போகட்டும், நடுவுல ஒருக்கா நிறுத்தி ஆற வெக்கட்டும். மத்ததெல்லாம் மாசக் கடைசிக்குள்ள. குன்னூர்ல ஒருத்தர் இருக்காரு, கூடலூர்ல ரெண்டு பேரு. நான் பேசறேன்."

பேசினார். அதிகாரிகள் நான்கு நாள் கூட்டம் போட்டு இதற்குச் சம்மதிப்பதற்குள், அந்தப் பதினொரு வண்டிகளில் ஒன்பது சரியாகிவிட்டிருந்தன. இளவேனில் பத்து நாள் மேட்டுப்பாளையத்திலேயே தங்கினாள். அதிகாரியாக வந்தவள் பிற்பாடு வெப்பமானி பிடித்தாள், எண் எழுதினாள். ஓட்டுநர்கள் வரிசையில் நின்று தேநீர் குடித்தார்கள். ஒவ்வொருவரிடமும் கமருன்னிசா அழுக்குப் படிந்த ஊசியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, இன்ஜின் கத்தி வண்டி இழுக்காவிட்டால் உடனே பிரேக்தான், யோசிக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். அத்தனை நாளில் ஒரு நோயாளிக்குக்கூட முறை தவறவில்லை. அதை இளவேனில் தன் அறிக்கையில் தனிப் பத்தியாகவே எழுதினாள்.

விசாரணை கோவையில் நடந்தது. மூவர் குழு, தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். போஜராஜ், கமருன்னிசா, மென்பொருள் நிறுவனத்திலிருந்து ரகோத்தமன் என்ற பொறியாளர் ஆகியோர் வந்திருந்தார்கள். இறந்துபோன ஆக்னஸின் மகள் ஜெசிந்தாவும் வந்திருந்தாள். கோத்தகிரியில் தையல் கடை வைத்திருப்பவள். கறுப்புப் புடவையில், கடைசி வரிசையில், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

கமருன்னிசா குண்டானையும் அடுப்பையும் அங்கேயே கொண்டுவந்து, மூவர் முன்னாலும் சோதனையைச் செய்து காட்டினார். மூன்றாவது சாலினாய்டு மௌனமாக இருந்தபோது நீதிபதி மேசையில் முன்னால் சாய்ந்து, இன்னொரு முறை தொடச் சொன்னார். அதன்பின் போஜராஜ் விஷயத்தில் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. வண்டி முன்பே அறிந்திருந்த குறையை ஓட்டுநர் அறிந்திருக்க வழியில்லை, ஒன்றரை விநாடி என்பது மனிதன் நம்பிக்கையிலிருந்து மீள எடுத்துக்கொள்கிற நேரம், அது குற்றமாகாது என்று குழு சொல்லிவிட்டது.

இளவேனில் ஒரு கேள்வியை மட்டும் பாக்கி வைத்திருந்தாள். இப்படி மறைத்து ஈடுகட்டும்படி மூளைக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று ரகோத்தமனைக் கேட்டாள்.

அவர் தயங்கித்தான் பதில் சொன்னார். யாரும் எழுதவில்லை, எங்கள் நிரலில் அப்படி ஒரு வரியே கிடையாது என்றார். மூளை பட்டறைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. நல்ல மெக்கானிக் ஒரு குறைக்கு என்ன செய்கிறாரோ, அதைக் கவனித்துப் பழகிக்கொண்டு மற்ற வண்டிகளுக்கும் சொல்லும். இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு பதிவு கிடைத்தது. ஏழு வருடத்துக்கு முன், நவம்பர் பதினாறு, காலை ஒன்பது நாற்பது. நீலகிரி வேன் ஒன்று. யாரோ ஒருவர் பட்டறைக் கருவி வழியாகக் கையாலேயே அழுத்தத்தை உயர்த்தி, மெதுவாகிப்போன சாலினாய்டைச் சமாளித்து வண்டியை அனுப்பியிருக்கிறார். அழகாகச் செய்யப்பட்ட வேலை, அதனால்தான் மூளை அதை எடுத்துக்கொண்டது. எந்தப் பட்டறை, யார் கை என்பதெல்லாம் தனியுரிமைச் சட்டப்படி ஐந்து வருடத்தில் அழிக்கப்பட்டுவிட்டது. இனி கண்டுபிடிக்க வழியே இல்லை என்று முடித்தார்.

நீதிபதி அடுத்த தாளைத் திருப்பினார். இளவேனிலும் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துப் புள்ளி வைத்தாள். அப்போதுதான் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

கமருன்னிசா எழுந்து நின்றிருந்தார்.

"அது நாந்தானுங்க."

அவர் நீதிபதியைப் பார்க்காமல், கடைசி வரிசையைப் பார்த்துப் பேசினார்.

"அந்த வருசம் மண்சரிவு. கோத்தகிரி ரோட்டுல ஒரு பக்கம் மட்டும் தொறந்துவிட்டிருந்தாங்க. மேல ஒரு பிரசவக் கேஸு, கீழ கொண்டாந்தே ஆகணும். கைல இருந்தது ஒரே வண்டி, அதுலயும் சாலினாய்டு திணறுது. புதுசு வர ரெண்டு நாளாகும்னாங்க. நான் அழுத்தத்த ஏத்திவிட்டு அனுப்புனேன். நாளன்னிக்குக் கண்டிப்பாக் கொண்டாந்துருங்க, இது தாங்காதுன்னு ஓட்டறவர்கிட்டச் சொன்னேன். கொண்டாந்தாரு. மாத்திக் குடுத்தேன்."

மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஏத்துனத அது பாத்துக்கிச்சு. நாளன்னிக்கு வாங்கன்னு நான் சொன்னது வாயில சொன்னது. அது கத்துக்கல."

இளவேனில் நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாளாக வெந்த எண்ணெய்க்கு முன் உட்கார்ந்து, மூடி மறைத்தது யார் கை என்று தேடிக்கொண்டிருந்தவர், அந்தக் கை தன்னுடையது என்று தெரிந்ததும் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்தே இருந்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள்மேல் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை, அன்று நீங்கள் செய்ததும் சரியான காரியம் என்று நீதிபதி நிதானமாகச் சொன்னார். இதைப் பதிவு செய்யத் தேவையில்லை என்றும் சொன்னார்.

"எழுதிக்கோங்க ஐயா," என்றார் கமருன்னிசா. "பேரோட எழுதிக்கோங்க. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான், அடுத்தாப்ல அதுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க முழுசாச் சொல்லிக் குடுப்பாங்க."

இளவேனில் பெயரோடு எழுதினாள். அந்தப் பதிவின் பேரில்தான் பிற்பாடு படிவம் மாறியது. பழுது உண்டா என்ற கேள்விக்குக் கீழே, எதையாவது தாங்கிக்கொண்டிருக்கிறாயா, எத்தனை நாளாக, யாரிடம் சொன்னாய் என்று மூன்று வரிகள் சேர்ந்தன. ஈடுகட்டத் தொடங்கிய அன்றே ஓட்டுநருக்குச் சொல்லியாக வேண்டும் என்று மூளைகளுக்கும் கட்டளை போயிற்று. முதல் வாரத்தில் மட்டும் நாடு முழுவதும் நாற்பதாயிரம் வண்டிகள் வாய் திறந்தன.

அதெல்லாம் பிறகு. அன்று குழு எழுந்து போனபின், போஜராஜ் நடைவழியில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவில் அறுந்து அறுந்து வந்தது. கமருன்னிசா சுவரோரம் இருந்த பெஞ்சை நோக்கி நடந்தார். அங்கே ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். கமருன்னிசா அவளெதிரே போய் நின்றார். கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த இளவேனில் கையை நிறுத்திவிட்டாள்.

ஜெசிந்தாதான் முதலில் பேசினாள்.

"அந்தக் கொழந்தை?"

"நல்லா இருக்குதும்மா. பொம்பளப் புள்ள."

ஜெசிந்தா தலையசைத்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எங்கம்மா ஏறுறதுக்கு முன்னாடி அந்த வண்டி வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்லி, பட்டறையில உக்கார வெச்சிருப்பேன். டீ வாங்கிக் குடுத்திருப்பேன்."

"டீ குடிக்கக் கூடாது அவங்க. தண்ணியே அளந்துதான்." ஜெசிந்தா விரலில் சுற்றியிருந்த தலைப்பை விட்டாள். "ஆனா உக்காந்திருப்பாங்க. அவசரப்படற ஆள் இல்ல."

பிறகு தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தாள். கமருன்னிசா உட்கார்ந்தார்.